பத்ருன்னிசா மகள்

ஏனாம்
9 மார்ச் 2025

அப்பாவுக்கு,

தாமரைச்செல்வி எழுதுகிறேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் இதைப் போனிலேயே கேட்டு முடித்திருப்பேன்.

ஜனவரி 22, புதன்கிழமை காலையில் அம்மா போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து என் மாமியார் பூவாயி போன் செய்து சொன்னார்கள். அதற்குள் நீங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள். காக்கிநாடா போய் ரயில் பிடித்து, சென்னையில் பஸ் மாறி, மறுநாள் இரவு சுரக்குடிக்கு வந்தேன். அம்மா படுத்திருந்த இடத்தைக் கழுவிவிட்டு, ஒரு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டீர்கள். நான் கிளம்பும்வரை வரவில்லை.

ஐஸ் பெட்டி திருநள்ளாற்றிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரே ஒரு நாள் வைத்திருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பேன். நான் அத்தை மகன் ஹரிஹரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோட்டுச்சேரிமேட்டுப் பையனைக் கட்டிக்கொண்டது தப்பாகவே இருக்கட்டும். அந்தத் தப்புக்கு இதுவா தண்டனை?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு அம்மா என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள், உங்களுக்குத் தெரியாமல். ஒவ்வொரு வாரமும் "அப்பா ஒன்ன கேட்டாங்கடி" என்பாள். பொய் என்று தெரிந்தும் "சரிம்மா" என்பேன். பாவம், எனக்காக வாராவாரம் ஒரு பொய்யை இட்டுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வீடு வேண்டாம், நகை வேண்டாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஏன் காத்திருக்கவில்லை?

தாமரைச்செல்வி


சுரக்குடி
24 மார்ச் 2025

சௌ. தாமரைச்செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. கடைசி மழையில் மேற்குப் பங்கு சாய்ந்து போனது, மற்றது தேவலாம். உளுந்து தெளித்திருக்கிறது. உன் அத்தை இரண்டு வேளை சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். குழம்பில் உப்பு அதிகம். இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

இரவுக்கு நானே ரசம் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். உன் அம்மா இருந்தவரை அந்தச் சமையலறைக்குள் நான் தண்ணீர் குடிக்கக்கூடப் போனதில்லை. உட்கார்ந்த இடத்துக்குச் சொம்பு வந்துவிடும். இப்போது போனால் ஒன்றும் புரியவில்லை. 'சீனி' என்று ஒட்டியிருக்கிற டப்பாவில் புளி இருக்கிறது. 'காபித்தூள்' டப்பாவில் வெந்தயம். 'உப்பு' என்றதைத் திறந்தால் ரவை. ஒட்டியிருப்பது உன் கையெழுத்து. உன் அம்மா ஏன் இப்படி வைத்திருந்தாள் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. பெருங்காயம் எதில் இருக்கிறது?

இன்னொரு விஷயம். பொங்கலுக்கு முன்னால் அவள் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு ஜாடியில் கட்டி வைத்திருக்கிறாள். போன வாரம்தான் பார்த்தேன். அதைக் கிளற வேண்டுமா, வெயிலில் வைக்க வேண்டுமா? உன் அத்தையைக் கேட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். உன் அம்மா கைபட்ட சாப்பாடு இனி இந்த வீட்டில் அது ஒன்றுதான். கெட்டுவிடக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அ. அம்பலவாணன்


ஏனாம்
6 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டேன். பெருங்காயம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஊறுகாய் ஜாடிதான் தடுத்தது.

ஜாடியை வாரம் ஒரு தடவை வெயிலில் வையுங்கள். வாயில் வெள்ளைத் துணி கட்டியே இருக்கட்டும். ஈரக் கையால் தொடாதீர்கள். மரக் கரண்டியைத் துடைத்து, அதையும் காயவைத்து, அடிவரை விட்டுக் கிளறுங்கள். பெருங்காயம் மேல்தட்டில், 'ஏலக்காய்' டப்பாவில்.

அந்தச் சீட்டுகளை ஒட்டியது நான்தான், பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில். அம்மா எந்த டப்பா காலியோ அதில் வந்த சாமானைக் கொட்டினாள். "பேரு அது பாட்டுக்கு இருக்கட்டும். எதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்றாள். கரண்ட் போன இருட்டிலும் கை நேராகக் கடுகுக்குப் போகும். நீங்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தக் கடுகு பொரியும் சத்தத்தை நாற்பது வருஷம் கேட்டிருக்கிறீர்கள். அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது உட்கார்ந்தாள் என்று ஒருநாள் எட்டிப் பார்த்ததுண்டா? அறுப்பு நாளில் பன்னிரண்டு பேருக்கு வடித்துப் போட்டுவிட்டு, அடிப்பானையில் மோரை ஊற்றி, நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவாள். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று அத்தை சொல்வாள். நீங்கள் மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் எப்படி என்னோடு பேசினாள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அவளுடைய போனில் என் நம்பர் என் பெயரில் இல்லை. அவளுக்கு ரவிக்கை தைக்கும் சிநேகிதி இருக்கிறார்களே, திருநள்ளாற்றில் கடை வைத்திருக்கும் பத்ருன்னிசா அத்தை, அவர்களே தன் பெயரைப் போட்டு என் நம்பரை ஏற்றிக் கொடுத்தார்கள். தாமரை என்ற பெயர் உங்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று. "பத்ருன்னிசாகிட்ட பேசிட்டு வர்றேங்க" என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் கொல்லைக்கு வந்து பேசுவாள். நான் கர்ப்பமானது, வேலை உயர்வு, ஏனாமுக்கு மாற்றல் ஆனது, எல்லாம் உங்கள் வீட்டில், அம்மா உங்களிடம் சொன்ன கணக்கில், பத்ருன்னிசா மகளுக்கு நடந்தது.

புதுச்சேரியில் அகரன் பிறந்தபோது, தரங்கம்பாடி சித்தி வீட்டுக்கு என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்து பத்து நாள் என்னைப் பார்த்துக்கொண்டாள். பையில் ஒரு கிலோ பூண்டு, ஒவ்வொரு பல்லும் உரித்துத் துணியில் முடிந்திருந்தது. "அப்பா ஒக்காந்து உரிச்சாங்க" என்றாள். சிரித்துவிட்டேன். தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அகரனுக்கு ஆறு வயது. உங்களைப் பார்த்ததில்லை. அவளை மட்டும் தெரியும், அதுவும் குரலாக. ஞாயிற்றுக்கிழமை ஆச்சி ஏன் கூப்பிடவில்லை என்று இன்னும் கேட்கிறான்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது.

தாமரைச்செல்வி


சுரக்குடி
4 மே 2025

அம்மா தாமரை,

ஊறுகாய் நன்றாக இருக்கிறது. நீ சொன்னபடி செய்தேன்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்று ஆனதும் உட்கார்ந்துவிட்டேன். முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அந்தப் பூண்டை நான்தான் உரித்தேன். மூன்று நாள் விரல் எரிந்தது.

நீ புதுச்சேரிக்குப் போன இரண்டாம் வருஷம், கைப்பை ஒன்று தைக்கக் கொடுப்பதற்காகப் பத்ருன்னிசா கடைக்குப் போனேன். அப்போது காது ஓரளவு கேட்கும். "ஒங்க பொண்ணுக்கு மஞ்சக்காமாலைன்னு எங்க வீட்டுல சொன்னாங்க, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "எனக்கேதுண்ணே பொண்ணு, ரெண்டும் ஆம்புளப் புள்ளைங்கல்ல" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் உறைத்தது. பையைக் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது உன் அம்மாவிடம், "பத்ருன்னிசா மகளுக்கு எப்படி இருக்காம்?" என்று கேட்டேன். "கீழாநெல்லி குடுக்குறாங்களாம், இப்ப தேவலாமாம்" என்றாள். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். அதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். அவள் பேசிவிட்டு வருவதற்காகவே காத்திருந்து கேட்பேன். பிரசவத்துக்கு அவள் கிளம்பியபோது, "பத்ருன்னிசா மகளுக்குக் கொடு" என்று பூண்டை நான்தான் உரித்துப் பையில் வைத்தேன். சித்தி வீடு என்று சொன்னவளை நான் புதுச்சேரி பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டேன். அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. நான் கேட்கவில்லை. வாய்விட்டுக் கேட்டால் உன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். உன் அத்தைக்கு முன்னால் "அவ பேர எடுக்க மாட்டேன்" என்று நான் சத்தியம் செய்திருந்தேன். என் வீம்புக்கும் பங்கம் வராமல், உன்னையும் விட்டுவிடாமல், ஒரு வழி பண்ணி வைத்திருந்தாள் உன் அம்மா. சோறு மாதிரி அதையும் உட்கார்ந்த இடத்தில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் உன்னிடம் சொன்னது பொய் இல்லை. நான் கேட்டேன். வாராவாரம் கேட்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

அன்று ஐந்தரை மணிக்குக் குழாயடியில் விழுந்திருக்கிறாள். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது ஆறு. விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, விழும்போதே போயிருக்கும் என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரோ, தெரியாது.

எட்டரை மணிக்கு, வீடு நிறைய ஆட்கள். அவளுடைய போனை ஹரிஹரன் கையில் கொடுத்து, "பத்ருன்னிசாவுக்குச் சொல்லிடு" என்றேன். அவன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. "அவங்களுக்கு நேர்லயே சொல்லிட்டு வந்துடுறேன் மாமா" என்றானாம், எனக்குக் கேட்கவில்லை; வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நல்ல பையன்தான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, சொல்லியாச்சு என்று கையைக் காட்டினான். போகிற வழியில் போன் எடுத்திருப்பார்கள், உன்னிடம்தான் பேசியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நீ கிளம்பிவிட்டாய், இல்லை, வரப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பாய். இரண்டில் எது என்று கேட்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றரை மணிக்கு நிஜமான பத்ருன்னிசா மாலையோடு உள்ளே வந்தாள். ஹரிஹரன் சொல்லிவிட்டு வந்தது இவளிடம்தான், உன்னிடம் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் என் காதுக்கிட்டே வந்து, "ஒங்க மவளுக்கு யாரு சொன்னதுண்ணே?" என்றாள். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

பாடை கட்டியாகிவிட்டது. உன் அத்தை, "நேரமாவுது, தூக்கலாமா தம்பி?" என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இருங்க, என் மவ வரணும்" என்று சொல்லியிருந்தால் போதும். ஒருத்தரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். ஹரிஹரனே போய் ஐஸ் பெட்டி கொண்டுவந்திருப்பான். உன்னைப் பெற்றவளே போய்க் கிடக்கிறாள், இனி எனக்கென்ன கௌரவம்? அது தெரிந்தும் வாய் வரவில்லை தாமரை. பதினோரு வருஷம் சொல்லாத பெயர் நாக்கில் ஏறவில்லை. "ம்" என்றேன். தூக்கிவிட்டார்கள். நான்தான் கொள்ளி வைத்தேன்.

பத்ருன்னிசா அழுதுகொண்டே நேராக உன் மாமியாரிடம் போயிருக்கிறாள். அப்படித்தான் உனக்குத் தெரிந்தது.

காரியம் முடிந்த பிறகு அவளுடைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். அன்று மதியம் 'பத்ருன்னிசா' நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். போன் அடுப்படி அலமாரியில் இருந்திருக்கிறது. பக்கத்து அறையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் நடந்தது. மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அப்பா


ஏனாம்
1 ஜூன் 2025

அப்பா,

கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பூண்டு என்ற இடத்திலேயே எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து மீதியைப் படிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அன்று காலை எட்டரைக்கு வந்த போன் எனக்குத் தெரியும். அம்மா என்று காட்டியது. அகரனுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூட வண்டி வந்துவிட்டது. புதன்கிழமையில் ஏன் கூப்பிடுகிறாள், வெந்தயக்குழம்பு வைத்திருப்பாள், அதைச் சொல்லத்தான் என்று நினைத்து விட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நாலு தடவை போட்டேன். எடுக்கவில்லை. அறுப்பு நடக்கிறதே, ஆட்களுக்கு டீ கொண்டுபோயிருப்பாள் என்று டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன் அப்பா. எலுமிச்சம்பழச் சாதம். நன்றாக இருக்கிறதே, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். அப்போது அவள் அங்கே கூடத்தில் கிடந்திருக்கிறாள். இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள் என்பதை நம்புகிறேன். அம்மா பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம். அவளிடம் போய் நம்பாததற்கு மன்னிப்புக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால், ஒரு 'இருங்க'. ஒரே ஒரு சொல். அதற்குப் பதிலாக அந்த 'ம்'. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் இந்தத் தடவையாவது சொல்லிவிடுவீர்கள் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீங்கள் சொல்வதில்லை.

ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்குப் படைக்கப் போவதாகவும், என்னை வரச்சொல்லியும் ஹரிஹரன் என் மாமியாரிடம் சொல்லியனுப்பியிருக்கிறான். நான் வரவில்லை. அத்தையும் பங்காளிகளும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் நான் யார் என்று வந்து நிற்பது? பத்ருன்னிசா மகள் என்றா?

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வேண்டாம். எழுதத் தோன்றினால் நானே எழுதுகிறேன்.

தாமரை


சுரக்குடி
25 ஜூலை 2025

தாமரை,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும் எழுதுகிறேன்.

நேற்று ஆடி அமாவாசை. காலையில் கடலுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தேன். கூடத்தில் இலை போட்டார்கள். உன் அத்தை, ஹரிஹரன், அவன் சம்சாரம், பங்காளிகள் எல்லோரும் இருந்தார்கள். பத்ருன்னிசா வந்திருந்தாள். உன் மாமியார் வாசலில் நின்றார்கள், உள்ளே வரத் தயங்கிக்கொண்டு.

உன் அத்தை சூடத்தை எடுத்தாள். நான் "இருங்க" என்றேன்.

செவிடன் பேசினால் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று செவிடனுக்குத் தெரியாது. தெருவில் போனவன் நின்று எட்டிப் பார்த்தானாம், ஹரிஹரன் பிறகு எழுதிக் காட்டினான். உன் அம்மா போனை அவனிடம் கொடுத்து, "இதுல பத்ருன்னிசான்னு இருக்குறது எம் மவ நம்பரு. பேர மாத்து. தாமரைச்செல்வின்னு போடு" என்றேன். ஒரு தடவை சொன்னது போதாது போலிருந்தது. "எம் மவ தாமரைச்செல்வி" என்று மறுபடியும் சொன்னேன். நிஜப் பத்ருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் அத்தை சூடத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். போகட்டும். வாசலுக்குப் போய், "உள்ள வாங்க சம்பந்தி" என்று உன் மாமியாரைக் கூப்பிட்டேன். அவர்கள்தான் சூடம் ஏற்றினார்கள்.

ஆறு மாதம் கழித்துச் சொன்ன 'இருங்க'. இதனால் உன் அம்மா முகம் உனக்குத் திரும்பக் கிடைக்காது. தெரியும். உன்னிடம் ஒன்றும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

ஊறுகாயில் பாதியை எடுத்து உன் மாமியாரிடம் கொடுத்திருக்கிறேன். ஆவணியில் உன் கொழுந்தன் ஏனாம் வரும்போது கொண்டுவருவான். 'சீனி' என்று ஒட்டியிருக்கும். ஈரக் கரண்டி போடாதே.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவளுடைய போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் அதிரும்படி ஹரிஹரன் மாற்றிக் கொடுத்திருக்கிறான். நீ கூப்பிட வேண்டும் என்று இல்லை. மனசு வந்தால் கூப்பிடு, இந்த வாரமோ, எந்த வாரமோ. நீ பேசுவது எனக்குக் கேட்காது. எடுத்ததும் நான் பேசுகிறேன். எப்படி இருக்கிறாய் தாமரை என்று உன்னிடமே கேட்கிறேன். பதிலைக் கடிதத்தில் எழுது.

உன் அப்பா
அம்பலவாணன்